கிணத்துல கிடைச்ச கல்லு வைரமா? மச்சினன் ஜொன்னகிரிக்குக் கெளம்பிட்டான்

கொட்டாம்பட்டிக்காரன்
ஜூன் 14, இரவு 9.12

வணக்கம் மக்களே. தோட்டத்துல கிணறு ஆழப்படுத்துறோம். 52 அடியில வெடி வச்சப்ப கரும்பாறைக்கு நடுவுல ஒரு வெள்ளை வரி வந்துச்சு. அதுக்குள்ள இருந்து கட்டைவிரல் பருமனுக்கு ஒரு கல்லு. கண்ணாடி மாதிரி, ஆறு பட்டை, நுனி மட்டும் சீவின பென்சிலாட்டம் கூர்மை. அம்மா அதைச் சாமி மாடத்துல வச்சு விபூதி பூசிட்டாங்க.

சித்தப்பா வந்தாரு, எடுத்துச் சுத்தியலால ஒரு போடு போட்டாரு. ஓரத்துல சில்லு தெறிச்சிருச்சு. "ஒடைஞ்சா அது வைரமில்லடா"ண்டு சொல்லிட்டுப் போயிட்டாரு. ஆனா மச்சினன் விடமாட்டேங்குறான். ஆந்திராவுல கர்னூல் பக்கம் ஜொன்னகிரி, துக்கலிங்கிற ஊர்கள்ல மழை பெஞ்சா சனம் வயக்காட்டுல வைரம் பொறுக்குதாம். நாலு பேரு சேர்ந்து வண்டி பிடிச்சுப் போறாய்ங்களாம், தலைக்கு 6,000 ரூபா. "நம்ம கிணத்துலயே வருது, அங்க போனா வராதா மாமா"ங்கிறான்.

ரெண்டு கேள்வி. இந்தக் கல்லு என்ன? அப்புறம், கம்பெனிக்காரங்க வைரத்தை எப்படித்தான் கண்டுபிடிக்கிறாங்க? அவங்களும் மண்ணைப் பாத்துக்கிட்டே நடக்குறாங்களா?

வில்லாபுரம்விக்கி
ஜூன் 14, இரவு 9.20

அண்ணே வைரம்னா எனக்கு ஒரு சில்லு ஒதுக்குங்க. தை மாசம் கல்யாணம், பொண்ணு வீட்ல மோதிரம் எதிர்பாக்குறாங்க. 😅

ஆவணிமூலவீதி ஆச்சாரி
ஜூன் 14, இரவு 10.05

தம்பி, முதல்ல உங்க சித்தப்பாகிட்ட சுத்தியலைப் பிடுங்கி வைங்க. உடைஞ்சா வைரமில்லைங்கிறது பெரிய தப்பு. வைரத்துல கீறல் விழாது, ஆனா உடையும். அதுக்குன்னு ஒரு வாட்டம் இருக்கு, அந்த வாட்டத்துல தட்டினா விறகு பிளக்கிற மாதிரி ரெண்டாப் பிளக்கும். பட்டறைல கல் பிளக்கிறவங்க பிழைப்பே அதை வச்சுத்தான் நடந்துச்சு. இந்தச் சோதனைய நம்பி நல்ல கல்லைத் தூளாக்கினவங்க உலகம் பூரா இருக்காங்க.

ஆனா உங்க கல்லு வைரமில்லை. ஆறு பட்டைத் தூணும் கூர் நுனியும் சொன்னீங்கள்ல, அது வெங்கச்சங்கல். பளிங்கு, இங்கிலீஷ்ல குவார்ட்ஸ்னும் சொல்லுவோம். பட்டை தீட்டாத வைரம் பெரும்பாலும் ரெண்டு கூம்பை அடியோட அடி ஒட்டின மாதிரி எட்டு முகத்தோட இருக்கும். எண்ணெய் தடவின மாதிரி ஒரு மினுமினுப்பு. பாத்தவுடனே பளபளன்னு தெரிஞ்சா சந்தேகப்படணும்.

சந்தேகமிருந்தா விளக்குத்தூண் பக்கம் வரும்போது எடுத்துட்டு வாங்க. தண்ணியில ஒரு தடவை, வெளியில ஒரு தடவை நிறுத்துப் பாத்தாலே போதும். வெங்கச்சங்கல் தன் அளவு தண்ணியப் போல 2.65 மடங்கு கனம், வைரம் 3.52 மடங்கு. பேனா மாதிரி மிஷின் வச்சிருக்காங்க, சூடு எவ்வளவு வேகமா ஓடுதுன்னு பாக்கும். ஆனா மாய்சனைட்டுன்னு வைரம் மாதிரியே இருக்கிற செயற்கைக் கல்லுக்கும் அது வைரம்னே கத்தும். அந்த ரெண்டையும் பிரிக்கிறதுல தராசு ஏமாறாது.

பாறைப்பித்தன்
ஜூன் 15, காலை 6.40

ஆச்சாரி ஐயா சொன்னதோட கல்லு விஷயம் முடிஞ்சது. ரெண்டாவது கேள்விக்கு நான் வர்றேன். எனக்கு ஊர் திருமங்கலம். இருபது வருஷத்துக்கு மேல தேடுற வேலைலதான் இருந்தேன், அனந்தப்பூர்ப் பக்கமும் ஆப்பிரிக்காவிலும். அந்த இருபது வருஷத்துல நான் கையெழுத்துப் போட்ட அறிக்கைகள்ல முக்கால்வாசிக்கு மேல கடைசி வரி ஒண்ணுதான்: "இங்கே இல்லை." சம்பளம் வாங்கினதே அதுக்குத்தான்.

மதுரையில ஏன் கிடைக்காதுன்னு முதல்ல சொல்லிடறேன். வைரம் விளையுறது 150 கிலோமீட்டருக்கும் கீழ. அவ்வளவு அழுத்தம் வேணும், ஆனா அந்த ஆழத்துக்குச் சூடு கொஞ்சம் குறைவா இருக்கணும். அந்த ரெண்டும் சேருற இடம் பழங்காலக் கண்டங்களோட அடிவேர். 250 கோடி வருஷத்துக்கும் மேல அசையாம, தடிமனா, அடியில குளிர்ந்து கிடக்கிற நிலத்துண்டு. க்ரேட்டான்னு சொல்லுவோம். 1966-ல கிளிஃபர்டுங்கிறவர் இதை விதியாவே எழுதினாரு: வைரமுள்ள கிம்பர்லைட், அதாவது ஆழத்துல இருந்து வைரத்தை ஏத்திக்கிட்டு வர்ற எரிமலைப் பாறை, இந்தப் பழைய நிலத்துலதான். நமக்கு வடக்க இருக்கிற தார்வார் நிலம் அந்த மாதிரி. அனந்தப்பூர் வஜ்ரகரூர் அதுமேல உக்காந்திருக்கு, பேர்லயே வஜ்ரம்.

நம்ம மதுரை நிலம் அப்படி இல்லை. சார்னோகைட்டு, கார்னெட்டுங்கிற சிவப்பு மணி கலந்த நைஸ், சுண்ணாம்புக்கல், எல்லாம் சூட்டுல உருமாறின பாறை. ஏறக்குறைய 55 கோடி வருஷத்துக்கு முன்னாடி 900 டிகிரிக்கு மேல வெந்து எடுத்த பூமி. யானைமலை, அழகர்மலை அடிவாரத்துல நாம நடக்கிறது ஒரு காலத்துல பூமிக்குள்ள ஆழத்துல கிடந்த பாறை. வைரம் வளர்ற வயித்தைக் கொதிக்க வச்சாச்சு. வைரமும் கரிதான், இதே கரி நம்ம சிவகங்கையில கிராஃபைட்டா கிடக்கு, அரசாங்கக் கனிமக் கம்பெனி டாமின் அதை வெட்டி எடுக்குது. கரி ஒண்ணுதான், பக்குவம் வேற. நமக்கு வாய்ச்சது பென்சில் முனை.

வில்லாபுரம்விக்கி
ஜூன் 15, காலை 7.02

அப்ப பாண்டியர் காலத்துல மதுரை வைரம்னு யூடியூப்ல போடுறாங்களே சார்?

ஆவணிமூலவீதி ஆச்சாரி
ஜூன் 15, காலை 8.30

விளைஞ்சது வேற, வித்தது வேற விக்கி. சிலப்பதிகாரத்துல கோவலன் ஊர் சுத்திப் பாக்கிற இடத்துல மதுரை ரத்தினக் கடைத்தெரு வருது. காகபாதம், களங்கம், விந்து, ஏகைன்னு நாலு குத்தம் இல்லாத வைரம் விக்குதுன்னு இளங்கோ எழுதுறாரு. காக்கா கால் மாதிரி கீறல், கறை, புள்ளி, கோடு. இன்னிக்கும் நான் லென்ஸ் வச்சா அதே நாலைத்தான் தேடுறேன். கல்லைப் பாக்கத் தெரிஞ்ச ஊரு இது. கல்லு வெளியூர்.

அந்தக் காலத்துல வைரம்னா இந்தியாதான், போர்னியோவுல கொஞ்சம். 1720-கள்ல பிரேசில்ல கிடைக்கிற வரைக்கும் கிருஷ்ணா நதிக்கரைதான் உலகத்துக்கே வைரக் கிடங்கு. கொல்லூர் சுரங்கம் அங்கதான் இருந்துச்சு.

பாறைப்பித்தன்
ஜூன் 15, இரவு 8.15

காலையில பாதியில விட்டேன். தேடுறது எப்படின்னு சொல்றேன். கொஞ்சம் நீளும்.

வைரத்தைத் தேடிப் போனா வைரம் கிடைக்காது. ரொம்ப அபூர்வம். சுரங்கம் நடக்கிற பாறைலயே 100 டன்னுக்கு இத்தனை கேரட்டுன்னுதான் கணக்கு. ஒரு கேரட் 0.2 கிராம். லெசோத்தோவுல லெட்செங் சுரங்கத்துல 100 டன் பாறை உடைச்சா 2 கேரட் கூடத் தேறாது, கல்லு பெருசு பெருசா வர்றதால ஓடுது. அதனால தேடுறவன் வைரத்தோட கூட்டாளிகளைத் தேடுவான். கிம்பர்லைட்டுங்கிற எரிமலைக் குழாய் ஆழத்துல இருந்து வைரத்தை ஏத்திக்கிட்டு வரும்போது அங்க இருந்த மத்த கனிமங்களையும் அள்ளிக்கிட்டு வரும். ஊதா கலந்த சிவப்புல பைரோப் கார்னெட், மரகதப் பச்சைல குரோம் டயாப்சைட், கருப்பா மெக்னீசியம் கூடின இல்மனைட், குரோமைட். வைரம் ஒண்ணு இருந்தா இதுங்க லட்சக்கணக்குல இருக்கும். கனமான மணிகள், ஓடை மண்ணைத் தட்டுல அலசினா அடியில தங்கும். தங்கம் அரிக்கிறவங்க மரவையில அரிக்கிற மாதிரிதான்.

எந்த ஓடைல கிடைக்குது, மேல போகப் போகக் கூடுதா, எங்க நின்னு போகுது. நின்னு போன இடத்துக்குப் பக்கத்துலதான் குழாய் இருக்கணும். 1954-ல சைபீரியாவுல லாரிசா போபுகாயேவாங்கிற அம்மா இப்படியே பைரோப்பைப் பிடிச்சுக்கிட்டு காட்டுக்குள்ள போய் ஜார்னித்சா குழாயைக் கண்டுபிடிச்சாங்க, சோவியத் யூனியன்ல முதல் கிம்பர்லைட் அது. மறு வருஷமே மிர் குழாய்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது போட்ஸ்வானாக் கதை. மொட்லௌட்சே ஆத்துல 1950-கள் கடைசியில மூணு சின்ன வைரம் கிடைச்சது. மேல போய்ப் பாத்தா ஆத்தோட தலைமாட்டுல ஒண்ணுமே இல்லை. எல்லாரும் கைய விரிச்சிட்டாங்க. கவின் லாமாண்ட் தலைமையில தேடினவங்க மட்டும் யோசிச்சாங்க: ஒரு காலத்துல இந்த ஆறு இன்னும் தூரத்துல இருந்து வந்திருக்கும், நடுவுல நிலம் மேல எழும்பி ஆத்தைக் கழுத்தோட வெட்டியிருக்கும். எழும்பின மேட்டைத் தாண்டிப் போய்த் தேடினாங்க. 1967-ல ஒராப்பா குழாய் கிடைச்சது. வைகைக்கு வருசநாட்டுத் தலை வெட்டிப் போச்சுன்னா, தண்ணி எங்கேர்ந்து வந்துச்சுன்னு ஆத்து மண்ணை வச்சே கண்டுபிடிக்கிற மாதிரி.

அப்புறம் அதே நாட்டுல ஜ்வானெங் சுரங்கம். மேல கலஹாரி மணல் 50 மீட்டர் மூடிக் கிடக்கு. அடியில இருக்கிறதைக் காட்டிக் கொடுத்தது கரையான். ஈரம் தேடிக் கீழ போன கரையான் புத்து கட்ட மண்ணைத் தூக்கும்போது கனிம மணிகளையும் மேல கொண்டாந்திருச்சு. 1982-ல திறந்தாங்க, மதிப்புல உலகத்துல முதல் வரிசைச் சுரங்கம் அது. புத்துக்குப் பால் ஊத்துற ஊர்க்காரன் நான், அதைக் கேட்டப்பக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

இப்பல்லாம் விமானத்துல காந்தக் கருவி கட்டிப் பறப்பாங்க, குழாய் இருந்தா வரைபடத்துல வட்டமாத் தெரியும். வட்டமாத் தெரியுறதெல்லாம் குழாயும் இல்லை. துளை போட்டு உருளையா பாறைய எடுத்துப் பாத்தாத்தான் தெரியும். கிம்பர்லைட்டே வந்தாலும் பாதிக் கிணறுதான். உலகத்துல இதுவரைக்கும் ஏறக்குறைய 7,000 கிம்பர்லைட் கண்டுபிடிச்சிருக்காங்க. வைரம் இருக்கிறது ஆயிரம் சொச்சம். சுரங்கம் போடக் கட்டுபடியானது அறுபது தேறும், அவ்வளவுதான்.

கொட்டாம்பட்டிக்காரன்
ஜூன் 15, இரவு 9.40

ஐயா, ரெண்டு தடவை படிச்சேன். கரையான் சமாச்சாரத்தை வீட்ல வாசிச்சுக் காட்டினேன், அம்மா "அதான் புத்தை இடிக்கக் கூடாதுங்கிறது"ண்டு சொல்லிட்டாங்க. 7,000-த்துல 60-ங்கிறது போர் போடுறதை விட மோசமா இருக்கே. யாரு காசு போடுறா இதுக்கு?

சூரத்தில் சோழவந்தான்
ஜூன் 16, காலை 11.25

இந்த இழையை இப்பத்தான் பார்த்தேன். நான் சூரத்தில் ஒரு வைரப் பட்டறை அலுவலகத்தில் கணக்கு பார்க்கிறேன், பதினாலு வருஷமாச்சு. பாறைப்பித்தன் ஐயா மண்ணுப் பக்கம் சொன்னார், நான் மேஜைப் பக்கம் சொல்கிறேன்.

காசு போடுவது ரெண்டு வகை ஆட்கள். சின்னக் கம்பெனிகள் பங்குச் சந்தையில் திரட்டித் தேடும். கிடைத்தால் பெரிய கம்பெனிக்குப் பங்கு கொடுக்கும், கிடைக்காவிட்டால் பேரை மாற்றிக்கொண்டு வேறு உலோகத்துக்குப் போய்விடும். கனடாவில் சக் ஃபிப்கே, ஸ்டூவர்ட் பிளசன் இரண்டு பேரும் ஏறக்குறைய பத்து வருஷம் பனிப்பாறை இழுத்துப்போட்ட மண்ணை அலசிக்கொண்டே போய் 1991-இல் லாக் டெ க்ராஸ் ஏரிப் பக்கம் கண்டுபிடித்தார்கள். சுரங்கம் திறந்தது 1998-இல், பி.எச்.பி. என்ற பெரிய சுரங்கக் கம்பெனியின் காசில். ஏகாட்டி அதுதான். கண்டுபிடித்த நாளிலிருந்து விற்கிற நாள் வரைக்கும் ஏழு வருஷம். அதையே சீக்கிரம் என்பார்கள்.

எங்கள் ஊருக்கு இதனால் என்ன? நிறைய. உலகத்தில் பட்டை தீட்டுகிற வைரத்தில், எண்ணிக்கையில் பார்த்தால், பத்தில் ஒன்பது சூரத் வழியாகப் போகிறது. அந்த நிலைமைக்குக் கொண்டு வந்ததே ஒரு கண்டுபிடிப்புதான். ஆஸ்திரேலியாவில் ஆர்கைல், 1979. மலை மலையாய்ச் சின்னக் கல், பழுப்புக் கல். வைரப் பட்டறைகளுக்குப் பேர்போன ஆண்ட்வெர்ப்பிலும் டெல் அவிவிலும் அதைத் தொட்டால் கூலிக்கே காணாது. சூரத்துக்காரன் தொட்டான். இன்றைக்கு நடுத்தரக் குடும்பத்துப் பெண் 3 சென்ட், 5 சென்ட் (100 சென்ட் ஒரு கேரட்) கல் வைத்த தோடு போடுகிறாள் என்றால் அது அந்தச் சுரங்கம் திறந்த வழி. 2020 நவம்பரில் அதை மூடிவிட்டார்கள்.

பாறைப்பித்தன்
ஜூன் 16, மதியம் 1.10

சூரத் தம்பிக்கு நன்றி. ஆர்கைலைச் சொன்னதும் நானே ஒண்ணு ஒத்துக்கணும். நேத்து கிளிஃபர்டு விதி சொன்னேன்ல? ஆர்கைல் அந்த விதிக்கு அடங்காது. அது கிம்பர்லைட்டும் இல்லை, லாம்ப்ரோயிட்டுங்கிற வேற பாறை. பழைய நிலத்துக்கு மேலயும் இல்லை, ஓரத்து மடிப்புல இருக்கு. விதிய நம்பி மத்தவங்க எட்டிப் பாக்காத இடம் அது. மதுரைக்கும் அப்படி ஒரு விதிவிலக்கு வராதான்னு யாராவது கேப்பீங்க. ஓரம்னாலும் பக்கத்துல குளிர்ந்த தடித்த வேர் இருக்கணும். நம்மளது வெந்த நடு.

இன்னொண்ணு. ஒவ்வொரு பெரிய கண்டுபிடிப்பும் கச்சா வைரத்துக்கு விலை வைக்கிற கை எதுன்னு மாத்தியிருக்கு. 1867-ல தென்னாப்பிரிக்காவுல ஹோப்டவுன் பக்கம் ஒரு பையன் விளையாட எடுத்த கல்லு யுரேகா வைரம், 21 கேரட்டு சொச்சம். அதுல ஆரம்பிச்சு கிம்பர்லி, 1888-ல டி பியர்ஸ் கம்பெனி. அதுக்கப்புறம் நூறு வருஷம் அவங்க வச்சதுதான் விலை. எங்க கிடைச்சாலும் வாங்கிப் பெட்டியில பூட்டுவாங்க. சைபீரியா, ஆஸ்திரேலியா, கனடான்னு வரிசையாக் கண்டுபிடிக்கக் கண்டுபிடிக்கப் பெட்டி பத்தலை. 1996-ல ஆர்கைல் அவங்க கூட்டை விட்டு வெளிய வந்து தானே வித்துச்சு. போட்ஸ்வானா அரசாங்கம் தன் நாட்டுல டி பியர்ஸ் நடத்துற சுரங்கங்கள்ல பாதிக்குப் பாதி பங்கு வச்சிருக்கு. மண்ணைத் தட்டுல அலசினவன்தான் அந்தப் பூட்டை உடைச்சான்.

வில்லாபுரம்விக்கி
ஜூன் 16, மதியம் 1.30

சார் கதை சூப்பர். ஆனா நான் நேத்து டவுன்ஹால் ரோடுல லேப் வைரம், அதான் ஆய்வகத்துலயே செய்யுறது, பாத்தேன். அதே மினுக்கு, அதே சர்டிபிகேட், விலை பத்துல ஒரு பங்கு கூட இல்லை. இனிமே எவன் காட்டுல போய்த் தேடுவான்?

சூரத்தில் சோழவந்தான்
ஜூன் 16, மாலை 6.50

விக்கி தொட்டது எங்களுக்கு ரணம். இங்கே ஒரே கட்டடத்தில் கீழ்த்தளத்தில் மண் வைரமும் மேல்தளத்தில் லேப் வைரமும் தீட்டுகிறார்கள். 2023-இல் நிலைமை எவ்வளவு மோசம் என்றால், அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர் பாதி வரைக்கும் கச்சா வைரம் இறக்குமதியே வேண்டாம் என்று இந்தியச் சங்கங்கள் தாங்களே நிறுத்திக்கொண்டன. கிடங்கில் சரக்கு தேங்கி விலை சரிந்துகொண்டிருந்தது. அந்தத் தீபாவளிக்கு ஊருக்குப் போன குஜராத் சௌராஷ்டிரப் பகுதித் தொழிலாளர்கள் நிறையப் பேர் திரும்பி வரவில்லை. எங்கள் மேஜையில் டீ கொடுத்த பையனின் அண்ணன் இப்போது ராஜ்கோட்டில் ஆட்டோ ஓட்டுகிறான்.

மத்திய அரசு 2023 பட்ஜெட்டில் லேப் வைர ஆராய்ச்சிக்கு ஐ.ஐ.டி. மெட்ராசுக்கு ஐந்து வருஷத்துக்கு 242 கோடி ஒதுக்கியது. அதாவது நம் ஊரிலேயே இனி வைரம் "விளையும்". பாறைப்பித்தன் ஐயா கோபப்படக் கூடாது, என் கணிப்பில் தேடுதல் தொழில் முடிந்த கதை.

பாறைப்பித்தன்
ஜூன் 17, காலை 6.15

கோபமில்லை தம்பி. கூடப் படிச்சவங்க பாதிப் பேரு இப்ப லித்தியம் தேடுறாங்க.

ஆனா கணக்கை மறுபக்கமும் பாருங்க. 2005 வாக்குல உலகத்துல வருஷத்துக்கு ஏறத்தாழ 17.5 கோடி கேரட் வெட்டினாங்க. 2023-ல 11 கோடி சொச்சம். ஆர்கைல் போச்சு, கனடாவுல டயாவிக் சுரங்கத்தை 2026-ல மூடுறதாத் திட்டம் போட்டாங்க. சுரங்கம்னா குழாய், கீழ போகப் போகக் குறுகும், ஒரு நாள் முடியும். புதுசா வர்றது விரல் விட்டு எண்ணலாம். அங்கோலாவுல லுவேலே 2013-ல கண்டுபிடிச்சு 2023 கடைசியில திறந்தாங்க. பத்து வருஷம். இன்னிக்குத் தேடலைன்னா 2035-ல கஷ்டம் தெரியும், அப்பப் போய்த் தேட ஆரம்பிச்சா 2045. தேடுறதை நிறுத்தினது உடனே வலிக்காது, அதான் முதல்ல அந்தச் செலவை வெட்டுறாங்க. லேப் வைரம் மலிவாகட்டும், விக்கி மோதிரம் போடட்டும். மண் வைரம் வேணும்னு பத்துப் பேருல ரெண்டு பேரு நின்னாலும் அந்த ரெண்டு பேருக்கே சரக்கு பத்தாத காலம் வரும்னு நான் நினைக்கிறேன். தப்பாவும் இருக்கலாம். நான் தேடினவன், எனக்குப் பாசம் இருக்கும்.

ஆவணிமூலவீதி ஆச்சாரி
ஜூன் 17, காலை 10.00

நடுவுல ஒண்ணு. நம்ம பக்கம் பழைய வீடுகள்ல "ப்ளூ ஜாகர்"னு சொல்லுவாங்க. பெல்ஜியம் கட்டு ப்ளூ ஜாகர் ஏழுகல் தோடுன்னா காரைக்குடிப் பக்கம் கண்ணை விரிப்பாங்க. அந்த ஜாகர் என்னன்னு எங்கப்பாவுக்கே தெரியாது, "சாதி வைரம்டா"ன்னு மட்டும் சொல்லுவாரு. அது தென்னாப்பிரிக்காவுல யாகர்ஸ்ஃபோன்டைன்னு ஒரு சுரங்கத்து ஊரோட பேரு. அங்க வந்த கல்லு வெயில்ல லேசா நீலம் பாரிக்கும். 1893-ல எக்செல்சியர்னு 900 கேரட்டுக்கு மேல ஒரே கல்லு அங்க வந்துச்சு. சுரங்கத்தை 1971-லயே மூடிட்டாங்க. பேரு மட்டும் நம்ம ஆச்சிமார் காதுல தொங்குது.

வைரம் வாங்கினா வீட்ல மூணு நாள் வச்சு ராசி பாக்குற வழக்கம் இன்னும் இருக்கு. நானும் கொடுத்து அனுப்புறேன். திருப்பிக் கொண்டாந்தவங்களும் உண்டு. லேப் வைரத்துக்கு யாரும் ராசி பாத்து நான் கண்டதில்லை!

அரிட்டாபட்டி மகள்
ஜூன் 17, மதியம் 12.20

எல்லாரும் தேடுறதை வீரக்கதையாப் பேசுறீங்க. எங்க ஊர்ல "ஆய்வு"ன்னு சொன்னாலே வயிறு கலங்குது. 2024 நவம்பர்ல நாயக்கர்பட்டி டங்ஸ்டன் வட்டாரத்தை ஏலம் விட்டாங்கன்னு பேப்பரைப் பாத்துத்தான் எங்களுக்கே தெரியும். 2,015 ஹெக்டேர். அதுக்குள்ள அரிட்டாபட்டி, தமிழி கல்வெட்டு, குடைவரைக் கோயில், ஏழு மலை, சுனை, கம்மாய் எல்லாம். 2022-லயே பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம்னு அரசாங்கம் அறிவிச்ச இடம். "ஆய்வு மட்டும்தான், உடனே தோண்ட மாட்டாங்க"ன்னு அப்பவும் சொன்னாங்க. மேலூர்ல இருந்து மதுரைக்கு நடந்தோம். 2025 ஜனவரி 23 அன்னிக்குத்தான் ரத்துன்னு வந்துச்சு.

பாறைப்பித்தன் சாருக்கு ஒரு கேள்வி. துளை போடுறதுக்கு முன்னாடி அந்த ஊர்க்காரங்களை என்னிக்காவது கேட்டிருக்கீங்களா?

பாறைப்பித்தன்
ஜூன் 17, இரவு 9.30

கேட்டது குறைவு, தாயி. ஆப்பிரிக்காவுல தலைவர்கிட்ட அனுமதி வாங்குவோம், ஆட்டுக்குட்டி கொடுப்போம், அதோட சரி. ஓடைல மண்ணு அள்ளுற கட்டத்துல யாருக்கும் கஷ்டமில்லைங்கிறது எங்க சமாதானம். மண்ணு அள்ளுறது, விமானம் பறக்கிறது, நாலு துளை போடுறது, அதுவரைக்கும் நிலம் தாங்கும். ஆனா உங்க ஊர்ல ஏலம் விட்டது தேடுற உரிமத்தை மட்டும் இல்லை, தேடிக் கிடைச்சா வெட்டுற உரிமமும் சேர்ந்த கூட்டு உரிமம். நீங்க கலங்கினது நியாயம்.

வைரத்துலயே அதுக்கு உதாரணம் இருக்கு. மத்தியப் பிரதேசம் சத்தர்பூர் மாவட்டத்துல பக்ஸ்வாகா காடு. 2004-ல ரியோ டின்டோ அங்க பந்தர் வட்டாரத்தைக் கண்டுபிடிச்சது, 3.4 கோடி கேரட்டுன்னு மதிப்பு. அறிக்கை எழுதினவன் பார்வையில பிரமாதமான கண்டுபிடிப்பு. ஆனா மேல நிக்கிறது ரெண்டு லட்சத்துக்கும் மேல மரம். வருஷக்கணக்கா காசு போட்ட கம்பெனி 2017-ல அரசாங்கத்துகிட்டயே கொடுத்துட்டுப் போயிருச்சு. 2019-ல மறுபடி ஏலம், மறுபடி போராட்டம், வழக்கு. பூமிக்கடியில வைரம் இருக்குன்னு தெரிஞ்சும் வெட்டாம இருக்கலாம்கிறதை எங்க பாடத்துல சொல்லிக்கொடுக்கலை.

அரிட்டாபட்டி மகள்
ஜூன் 17, இரவு 10.05

ஒத்துக்கிட்டதுக்கு நன்றி சார். ஒரு நாள் எங்க மலைக்கு வாங்க, சுத்தியல் இல்லாம.

கொட்டாம்பட்டிக்காரன்
ஜூன் 22, காலை 7.10

பாறைப்பித்தன் ஐயா, தப்பா நினைக்காதீங்க. நீங்க சொன்னதைப் படிச்சிட்டு நானும் மகனும் ஓடை மண்ணை ஈயத் தாம்பாளத்துல அலசினோம். அடியில கருப்பு மணலு, அதோட சிவப்புச் சிவப்பா மணிகள்! ஒரு ஸ்பூன் இருக்கும். நீங்கதான சிவப்புக் கார்னெட் வைரத்தோட கூட்டாளிண்டு சொன்னீங்க? மச்சினன் ஆடுறான்.

பாறைப்பித்தன்
ஜூன் 22, காலை 7.45

இது என் தப்பு, நான் விவரமாச் சொல்லியிருக்கணும். கார்னெட்ல நிறைய சாதி. உங்க ஓடைல இருக்கிறது அல்மன்டைன், இரும்பு கூடினது, பழுப்புச் சிவப்பு. நம்ம நைஸ் பாறை உடைஞ்சு வர்றது. தூத்துக்குடி, கன்னியாகுமரிக் கடற்கரை மணலு சிவப்பா இருக்கிறதும் அதாலதான். வைரத்தோட வர்றது பைரோப், மெக்னீசியமும் குரோமியமும் கூடினது, நாவப்பழச் சாறை வெள்ளைத் துணில சிந்தின நிறம். அதுலயும் கால்சியம் குறைஞ்சு குரோமியம் கூடின ஒரு ரகத்தைத்தான் நாங்க ஜி-10னு குறிப்போம். அது வந்தாத்தான் ஆபீஸ்ல டீ வாங்கித் தருவாங்க. கண்ணால பாத்து முடிவு பண்ண முடியாது, ஒவ்வொரு மணியா ஆய்வகத்துல பாக்கணும்.

ஆனா நீங்க அலசின விதம் சரி. கருப்பு மணல் தனியா தங்குச்சுன்னா கை பழகிருச்சு. மகன் என்ன படிக்கிறான்?

கொட்டாம்பட்டிக்காரன்
ஜூன் 22, காலை 8.02

பத்தாவது ஐயா. இப்ப வீட்ல இருக்கிற கல்லையெல்லாம் எடுத்து வச்சுப் பேரு கேக்குறான். மச்சினன் நாளைக்கு வண்டி ஏறுறான்.

சூரத்தில் சோழவந்தான்
ஜூன் 22, மாலை 5.30

அவரைப் போகவிடுங்கள், ஆனால் ஒன்று சொல்லி அனுப்புங்கள். ஜொன்னகிரியில் கிடைத்தால் அங்கேயே சுற்றுகிற வியாபாரி ஒரு விலை சொல்வான், மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விடுவான். நியாய விலையா என்று கேட்க ஆள் கிடையாது. மத்தியப் பிரதேசம் பன்னாவில் நிலைமை வேறு. அங்கே 200 ரூபாய் கட்டினால் அரசாங்கமே 8 மீட்டருக்கு 8 மீட்டர் நிலத்தைக் குத்தகைக்குக் கொடுக்கும், தோண்டிக் கிடைத்த கல்லை வைர அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும், ஏலம் போட்டு அரசாங்கப் பங்காக 11.5 சதவீதமும் வரியும் பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். 2024 ஜூலையில் ஒரு கூலித் தொழிலாளிக்கு 19.22 கேரட் கிடைத்தது. வருஷக்கணக்காகத் தோண்டி ஒன்றும் கிடைக்காத குடும்பங்களை யாரும் படம் எடுப்பதில்லை.

நெறியாளர்
ஜூன் 23, காலை 9.00

தனிச்செய்தியில் "வைரக்குழு முன்பணம்" கேட்டு யாராவது வந்தால் உடனே தெரிவிக்கவும். இரண்டு கணக்குகளை முடக்கியுள்ளோம்.

கொட்டாம்பட்டிக்காரன்
ஜூலை 28, இரவு 8.50

கடைசித் தகவல். மச்சினன் 9 நாள் இருந்துட்டு வந்தான். வயக்காட்டுல குடை பிடிச்சுக்கிட்டு ஆயிரம் பேரு குனிஞ்சு நிக்கிறாங்களாம், கோயில் திருவிழா மாதிரி டீக்கடை, இட்லிக்கடை. முதுகு பிடிச்சுக்கிச்சு. 11 கல்லு கொண்டாந்தான். நேத்து ஆச்சாரி ஐயா கடைக்குக் கூட்டிட்டுப் போனேன். எங்க கிணத்துக் கல்லையும் எடுத்துக்கிட்டேன்.

ஆவணிமூலவீதி ஆச்சாரி
ஜூலை 28, இரவு 9.15

ஒன்பது வெங்கச்சங்கல். ஒண்ணு சோடாப் பாட்டில் கண்ணாடி, மண்ணுல உருண்டு உருண்டு அழகா ஆயிருக்கு. ஒண்ணு கோமேதகக் கலர்ல ஏதோ, 200 ரூபா பெறும், தங்கச்சிக்கு மோதிரத்துல வச்சுக் கொடுக்கச் சொன்னேன். கிணத்துக் கல்லு தராசுல 2.65. ஆனா தம்பி சம்சாரம் காதுல போட்டிருந்த பழைய தோட்டைப் பாத்தேன், ரெண்டு கல்லு ஆடுது. அதைக் கட்டச் சொல்லியிருக்கேன். வீட்ல இருக்கிற வைரம் தொலையப் பாக்குது, இவரு ஆந்திராவுல தேடுறாரு.

வில்லாபுரம்விக்கி
ஜூலை 28, இரவு 9.22

🤣🤣 மச்சினன் இப்ப என்ன சொல்றாரு?

கொட்டாம்பட்டிக்காரன்
ஜூலை 28, இரவு 9.40

"பக்கத்து வரப்புல ஒருத்தனுக்குக் கிடைச்சுச்சு மாமா, நாலே அடி"ங்கிறான். அடுத்த மழைக்கும் போறானாம். 2,000 ரூபா கைமாத்துக் கேட்டிருக்கான்.

சூரத்தில் சோழவந்தான்
ஜூலை 28, இரவு 9.44

கொடுக்காதீங்க.

பாறைப்பித்தன்
ஜூலை 28, இரவு 9.51

கொடுக்காதீங்க. எங்களுக்கும் இப்படித்தான் வருஷா வருஷம் பட்ஜெட் வாங்கினோம்.

கொட்டாம்பட்டிக்காரன்
ஜூலை 28, இரவு 9.58

கொடுத்துட்டேனே ஐயா.